கீழ்ப்பக்கத்துக் குறிகள்

மணற்பாறைக் காட்டில் வழிக்குறி போடுகிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீம்பெல்லாம் இல்லை, வேலை அப்படி. பாதையில் ஏறுகிறவருக்கு மரத்தின் ஒரு முகம்தான் தெரியும், இறங்குகிறவருக்கு மறுமுகம். ஆகவே மரத்துக்கு இரண்டு மஞ்சள் குறி வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் போடக் கிளம்பினால் மரத்தைச் சுற்றிச் சுற்றியே தலை கிறுகிறுத்துவிடும். அதனால் இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் அடிவாரத்திலிருந்து ஏறிக்கொண்டே போடுவார், இன்னொருவர் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டே போடுவார். நடுவழியில் குடைப்பாறைக்கு அடியில் சந்தித்துச் சாப்பிட்டுவிட்டு, அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். எதிரே தெரிகிற முகம் மட்டும்தான் அவரவர் பொறுப்பு.

மஞ்சளக்காவும் அவள் வீட்டுக்காரரும் இருபத்தாறு வருஷம் இப்படித்தான் வேலை பார்த்தார்கள். அவள் நகக்கண்ணில் எப்போதும் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்ததால் அலுவலகத்தில் வைத்த பெயர் அது. ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். அதனால் ஜீப் அவளை உச்சியில் இறக்கிவிடும், அவர் அடிவாரத்திலிருந்து ஏறுவார். மழைக்காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை, பழைய குறியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அச்சுத் தகட்டை வைத்துப் புது மஞ்சளைப் பூசுவார்கள். பாறையில் பூச மாட்டார்கள். மணற்பாறை மேல்தோலை உதிர்த்துக்கொண்டே இருக்கும், அதன்மேல் பூசினால் ஒரே மழையில் பெயிண்டும் மணலுமாகக் கீழே வந்துவிடும்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில் வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும். அவருக்குத்தான் தூரம் குறைவு, நல்ல நடைக்காரர் வேறு. ஆனாலும் ஒருநாளாவது முதலில் வந்திருக்கிறாரா? கிடையாது. மஞ்சளக்கா ரொட்டியையும் அவித்த முட்டையையும் பிரித்து வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கில் தேநீர் ஆறுகிறதே என்று பொருமிக்கொண்டிருப்பாள்.

"எவன்கூட கதை அடிச்சுக்கிட்டு வர்றீங்க? முட்டை அடைகாத்து குஞ்சே பொரிச்சிரும்!"

"காட்டுல எவன்டி இருக்கான்? மண்ணு சறுக்குது, பாத்து வர வேணாமா?" என்பார் அவர். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "என்ன, இன்னிக்கு மூணாவது வளைவுல ரொம்ப நேரம் உக்காந்துட்ட போல. ஷூவுல மண்ணா?" என்று கேட்பார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சிலயே எழுதியிருக்கே!"

ஒரு வருஷம் அவள் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் வரும்போதே பையிலிருந்து மருந்தையும் துணியையும் எடுத்துக்கொண்டே வந்தார், ஓட்டமும் நடையுமாக. இந்த மனுஷனுக்குப் பாம்புக் காதோ என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனால் இதெல்லாம் தானாகத் தெரியும்போல என்று விட்டும்விட்டாள்.

போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலிக்கிறது என்றார், இரண்டே நாள்தான்.

மழை ஓய்ந்து, குறி போடும் காலம் வந்ததும் அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயது, நல்ல பிள்ளை. சுவரில் குண்டூசி குத்திய வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு தவித்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புகார் மேல புகாரா வருது. கீழேருந்து ஏற ரெண்டரை மணி நேரம்னு எழுதியிருக்கோம். குறியப் பாத்துப் போறவங்களுக்கு மூணு மணி நேரம் ஆகுது. போன வாரம் வயசான தம்பதி ரெண்டு பேர் கடைசி பஸ்ஸ விட்டுட்டாங்க. போன்ல பாத்தா, பெட்டிப்பாறைகிட்ட வழி மாறுற மாதிரி தெரியுது."

"எந்தப் பக்கத்துக் குறி?"

"கீழ்ப்பக்கம்" என்றார் அதிகாரி, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே.

மஞ்சளக்காவுக்குச் சுரீரென்று வந்தது. "அவர் குறி தப்பாது சார். கண்ண மூடிக்கிட்டுப் போட்டாலும் தப்பாது. நடக்கத் தெரியாதவன் மூணு மணி நேரமும் எடுப்பான், முப்பது மணி நேரமும் எடுப்பான்!"

"சரிக்கா, நீங்களே கீழேருந்து ஒரு தடவ நடந்து பாத்துச் சொல்லுங்க. தப்பு இருந்தா கீழ்ப்பக்கம் முழுக்கச் சுரண்டிட்டு நம்பர் போர்டு அடிச்சிரலாம். நீங்க சொல்றதுதான் முடிவு."

சுரண்டிவிட்டு. அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவருடைய சட்டைகளை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று, ஷூவையும் கொடுத்தாயிற்று. உலகத்தில் அவர் கைபட்டதென்று மிச்சமிருப்பது அந்த இருநூறு சொச்சம் மஞ்சள் கட்டங்கள்தான்.

மறுநாள் காலை பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக அடிவாரத்தில் நின்றாள். இந்தப் பாதையில் ஒரு தடவைகூட அவள் கீழிருந்து ஏறியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் குறியைப் பார்க்கவே அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், தன் கண் உயரத்துக்குப் போட்டிருந்தார். "உங்க குறியப் பாக்க ஒட்டகச்சிவிங்கிதான் வரணும்" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பாள்! ஆனால் ஒவ்வொரு கட்டமும் நான்கு மூலையும் கூராக, சொட்டுக்கூட வழியாமல் இருந்தது. பத்தடிக்கொருதரம் நின்று மூச்சு வாங்கினாள். நிற்கும்போதெல்லாம் எதிரே ஒரு குறி தெரிந்தது. எங்கே நின்றாலும் அடுத்த குறி கண்ணில் படுகிற மாதிரி போட்டுக்கொண்டு போயிருந்தார்.

ஏறும்போது பாதையே வேறு பாதையாக இருந்தது. வளைவு தாண்டி ஒரு பெரிய பாறை உண்டு. அவள் அதைத் தூங்குகிற நாய் என்பாள், அவர் சோபா என்பார். பத்து வருஷமாவது அதற்காக வாதாடியிருப்பார்கள். கீழிருந்து பார்த்தால் முதுகு சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடி என்று சாட்சாத் சோபாவேதான். "அட, ஆமாங்க" என்றாள் வாய்விட்டு. ஒத்துக்கொள்வதைக் கேட்கத்தான் அவர் இல்லை.

இரண்டு பாறைக்கு நடுவே இருந்த இடுக்கில் பையை முன்னால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள். கை வைத்த இடமெல்லாம் மணல் உதிர்ந்தது. இடுக்கைத் தாண்டினால் பெட்டிப்பாறை. அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. குறி இடப்பக்கம் போகச் சொன்னது.

மஞ்சளக்கா அசையாமல் நின்றாள். அவள் வருஷா வருஷம் இறங்கி வருவது வலப்பக்கத்துப் பாதையில். அதற்குள் நாலடி போய்ப் பார்த்தாள். மரங்களின் மறுமுகத்தில் அவள் போட்ட குறி இருந்தது, இந்த முகத்தில் ஒன்றுகூட இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அட மனுஷா! உங்கள நம்பி அந்தப் பிள்ளைகிட்ட எரிஞ்சு விழுந்தேனே!"

டப்பா கையில்தான் இருந்தது. இடப்பக்கத்தைச் சுரண்டி வலப்பக்கத்தில் புதிதாகப் போட்டுவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. மூடியைக்கூடத் திறந்துவிட்டாள். பிறகு, நடந்து பார்க்காத வழியைத் தப்பு என்று அழிப்பது நம் தொழிலுக்கு அழகில்லை என்று தோன்றவே, மூடியை அழுத்தி மூடிக்கொண்டு இடப்பக்கம் நடந்தாள்.

அங்கேயும் குறிகள் அதே கூர்மையோடு இருந்தன. கைத்தவறுதலாகப் போட்டதில்லை, வருஷா வருஷம் தேய்த்துப் புதுப்பித்தது. நடந்தவர்களும் இத்தனை காலம் இதுதான் பாதை என்று போயிருக்கிறார்கள். பெட்டிப்பாறையை வளைத்துக்கொண்டு ஏறிய வழி ஒரு தட்டையான விளிம்பில் போய் வெட்டவெளியாகத் திறந்தது. விளிம்போரம் ஒரு பட்டமரத்தின் அடிக்கட்டை, உட்கார்ந்தால் கைக்கு எட்டும் தூரத்தில். அதில் விரல் கனத்துக்கு மஞ்சள் அப்பியிருந்தது. குறியில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பிரஷ்ஷைத் துடைத்துத் துடைத்து ஏறிய மஞ்சள், ஒன்றன்மேல் ஒன்றாக இருபத்தாறு வருஷத்து மஞ்சள்.

கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச் சரிவு முழுவதும் கண்முன்னே இருந்தது. உச்சியிலிருந்து இறங்கும் பாதை வளைந்து வளைந்து மரமில்லாத பாறைமேல் வந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்ட அவள் எப்போதும் உட்காரும் கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அந்த வருஷம் அவள் சறுக்கி விழுந்த இடமும் தெரிந்தது.

மஞ்சளக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நேரமாச்சு நேரமாச்சுன்னு வருஷா வருஷம் திட்டு வாங்கினீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் இந்தப் பக்கம் பாத்து ஒரு தடவ கையாவது ஆட்டியிருப்பேனே!" அழுது முடித்ததும் பசித்தது. அங்கேயே ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டாள்.

திரும்பி வந்து அதிகாரியின் முன்னால் டப்பாவை வைத்தாள். அவர் தயங்கித் தயங்கி, "தப்பு இருக்காக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். தெரிஞ்சே பண்ணின தப்பு." அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து அவர் குழம்பினார். "பெட்டிப்பாறையச் சுத்திக் கூட்டிட்டுப் போறார், அரை மணி நேரம் கூடுது. நேர்வழிக்கு நான் திரும்பி வரும்போதே குறி போட்டுட்டேன், இனிமே யாரும் பஸ்ஸ விட மாட்டாங்க. மத்ததெல்லாம் அப்பழுக்கில்லாம இருக்கு, ஒண்ணையும் சுரண்டாதீங்க. சுத்துவழிக்கும் குறி இருக்கட்டும், பிரியற இடத்துல ஒரே ஒரு போர்டு வைங்க."

"வைக்கலாம். ஆனா சுத்திப் போனா பாக்க என்ன இருக்குன்னு எழுதணுமே. அருவி, குகை ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள் மஞ்சளக்கா. "எதிர் மலையில இறங்கி வர்றவங்க தெரிவாங்கன்னு எழுதுங்க."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் அப்படியே எழுதிக்கொண்டார்.