வெள்ளைக் கொடி கட்டிய மூலை

எங்கள் ஒழுங்கையின் பிரஜா பொலிஸ் குழு, அதாவது அயலவரும் பொலிசும் சேர்ந்த குழு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பள்ளி மண்டபத்தில் கூடும். அங்கே உள்ளவை நான்கு வயதுக்காரர்களுக்காகச் செய்த கதிரைகள். சிவப்பு, மஞ்சள், பச்சை. பொலிஸ் நிலையத்திலிருந்து வரும் சார்ஜன் நல்ல உயரம். உட்கார்ந்தால் முழங்கால்கள் மார்பைத் தொடும். தொப்பியை மடியில் வைக்க இடம் இருக்காது என்பதால், சுவரில் ஒட்டிய யானைப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவார். அந்த உயரத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் யாரையும் மிரட்ட முடியாது.

பெரிய குற்றங்கள் எதுவும் எங்களிடம் வரவில்லை. ஒரு முறை விடியும் முன் கூவும் சேவல். இன்னொரு முறை யாருடைய வாசலில் யாருடைய வேன் நிற்கிறது என்ற வழக்கு. நான் வேலை செய்யும் பத்திரிகையில் இவற்றை ஒரு வரிகூட எழுதியதில்லை. மூலைக் குப்பை மட்டும் சேவலைப் போலக் குழம்பில் முடியவில்லை.

ஒழுங்கை பேராதனை வீதியில் சேரும் இடத்தில் ஒரு மதில் இருக்கிறது. அதை ஒட்டி ஓர் அக்காவின் சாப்பாட்டுக் கடை. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணமாகிக் கண்டிக்கு வந்தவர். காலையில் இடியப்பமும் சம்பலும், பத்து மணிக்குப் பிறகு வடை. அவருடைய வீடு முழுவதும் அந்தக் கடையில்தான் ஓடியது. மதிலடியில் தினமும் காலையில் குப்பைப் பைகள் விழுந்தன. வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே வீசிவிட்டுப் போனார்கள். பிறகு நாய்கள், காகங்கள், மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் என்று முறைவைத்து வந்து பைகளைப் பிரித்துப் பார்த்தன.

பீ.எச்.ஐ. என்று எல்லாரும் சொல்லும் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போதும் இப்படியே கிடந்தால் கடையைப் பூட்ட வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். அக்கா அந்த ஞாயிறு மண்டபத்துக்கு வந்து ஒரு மஞ்சள் கதிரையில் உட்கார்ந்தார்.

"நான் போடாத குப்பைக்கு என் கடையைப் பூட்டுவாங்களாம். பைய கொண்டாந்து வீசுறவன் அப்புறம் என்கிட்டயே வந்து வடை வாங்கித் திங்கிறான் சார்."

கெமரா பொருத்தலாம் என்றார் ஒருவர். குரங்கு கழற்றிக்கொண்டு போகும் என்றார் இன்னொருவர். ஒரு சாமி சிலை வைத்தால் யாரும் குப்பை போட மாட்டார்கள் என்று மூன்றாமவர் சொன்னதும், யாருடைய சாமி என்ற கேள்வி எழுந்தது. சார்ஜன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவர் சிங்களவர். மட்டக்களப்பில் பல வருடம் வேலை செய்து தமிழ் பழகியவர்.

"சிலை வைக்கிறதுக்கு ஒரு ஆள் போதும். பிறகு எடுக்கிறதுக்கு எனக்கு பட்டாலியன் வேணும். அது மட்டும் வேண்டாம்."

அப்போதுதான் எங்கள் தலைவர் தொண்டையைச் செருமினார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியிலேயே ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

"போன மாதம் மேல் வீட்டு ஐயா செத்த நேரம் மூலையில வெள்ளைக் கொடி கட்டினாங்கள் எல்லோ? அந்தக் கிழமை முழுக்க ஒரு பை விழேல்ல. நான் பாத்தனான். செத்த வீட்டு வாசல்ல ஆர் குப்பை போடுவான்?"

"இப்ப ஆரும் சாகேல்லையே" என்றார் சார்ஜன்.

"கொடிக்கு ஆள் சாகோணும் எண்டு சட்டம் இருக்கே? நாப்பது வருசம் கொடி காட்டி ரயிலை நிப்பாட்டினனான். குப்பை நிக்காதோ?"

எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அதனால் யோசனை நிறைவேறிவிட்டது. எங்கள் ஊரில் மரணம் நடந்தால் வீதியின் குறுக்கே கயிறு இழுத்து வெள்ளைத் தாள் கொடிகள் தொங்கவிடுவார்கள். எந்த மதத்துக்காரரும் அதைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மரண உதவிச் சங்கத்தின் பெட்டியில் மிச்சக் கொடிகள் இருந்தன. அன்று மாலையே கடையின் கூரை முனையிலிருந்து எதிர்த்த மின்கம்பம் வரை கட்டினோம்.

மறுநாள் குப்பை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தலைவர் காலையில் மூலைக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரயில் வரவிருக்கும் மேடையைப் போல அந்த மதிலடியைப் பார்வையிட்டார்.

கடைக்கும் ஆள் இல்லை. செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடியைப் பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் மட்டும் செத்த வீட்டு வழக்கப்படி சீனிப் பை ஒன்றைக் கல்லாவில் வைத்து, "மனசைத் தேத்திக்கங்க" என்று சொல்லி, யார் இறந்தது என்று கேட்கக் கூச்சப்பட்டு, போய்விட்டார்.

"என்னாங்க அண்ணே இது" என்றார் அக்கா என்னிடம். "குப்பையும் இல்ல, ஆளும் இல்ல. கொடிய அவுத்தா பீ.எச்.ஐ. ஐயா பூட்டுவாரு. அவுக்காட்டி நானே பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். வந்த லாபம் இந்தச் சீனிதான்."

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறக்கும் முன்பே அழுகை வெளியே வந்துவிட்டது. புசல்லாவை பஸ்ஸில் வீடு திரும்பிய யாரோ கொடியைக் கண்டு தோட்டத்தில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து போன் எடுத்திருக்கிறார்கள். அக்கா காலையில் போன் எடுப்பதில்லை, கை மாவில் இருக்கும். எடுக்காத போன் செய்தியை உறுதிப்படுத்திவிட்டது. பெரியம்மா மகள் ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள்.

"என் ராசாத்தி, எங்கள உட்டுட்டுப் போயிட்டியே..."

அக்கா எண்ணெய்க் கரண்டியோடு வெளியே வந்தார்.

"அடியே! நீ சாகலையா?"

"ஏன்டி, நான் செத்தாத்தான் வருவியா? தீவாளிக்குக் கூப்பிட்டேன், வந்தியா?"

"வேன் புடிச்சு வந்துட்டமே. இப்ப வேன்காரனுக்கு என்னாத்த சொல்றது?"

"வடை திங்கச் சொல்லு. எல்லாரும் உள்ள வாங்க, விக்காமக் கெடக்கு."

கொடிக்குக் கீழே அந்தக் கூட்டம் சிரிப்பும் சாப்பாடுமாக உட்கார்ந்திருந்தபோது, மாநகர சபைக் குப்பை லொறியும் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மரியாதையாக ஒதுங்கி நின்றார். சத்தத்தைக் கேட்டு விசாரிக்க வந்த சார்ஜனும் அப்போது அங்கே இருந்தார்.

"பாடி எப்பங்க எடுக்குறாங்க?" என்று ஓட்டுநர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பாடி அந்தா, வடை சுடுது" என்றேன்.

அவருக்கு முதலில் கோபம் வந்தது. "அட என்னாங்க நீங்க! செத்த வூட்டுக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள குப்பை போயிரணும்னு, நாலு நாளா இந்த லேன்லதான் மொத ஏறுறேன். விடியக்கால வந்து அள்ளிட்டுப் போறேன். இன்னைக்கும் அள்ளியாச்சு. இப்ப மரியாதைக்கு எட்டிப் பாப்போம்னு வந்தேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சார்ஜனைப் பார்த்தார். வழக்கமாக லொறி எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது ஒன்பது மணி தாண்டிவிடும். அதற்குள் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். பையைக் கையில் வாங்கித்தான் லொறியில் போடுவார்கள் என்பதால், வேலைக்குப் போகிறவர்கள் அதை வீட்டில் நாற விடுவதா மூலையில் வீசுவதா என்று யோசித்து, மூலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த நாட்களில் லொறி முந்தி வந்ததால் பைகள் நேராக லொறிக்குப் போயிருக்கின்றன. கொடியையே பார்த்திருந்த நாங்கள் லொறியின் நேரத்தைக் கவனிக்கவில்லை. மேல் வீட்டு ஐயா செத்த கிழமையிலும் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்ப ஒருத்தரும் கொடிக்குப் பயப்படேல்ல" என்றார் சார்ஜன்.

"லொறி பயந்தது" என்றார் அங்கே வந்து சேர்ந்த தலைவர், தன் யோசனையை விட்டுக்கொடுக்காமல்.

"அப்படின்னா தெனமும் மொதல்ல இங்கயே வாங்களேன் தம்பி" என்றார் அக்கா.

"நம்ம கையில இல்லக்கா. மேல ரோட்டுப் பெரிய வூடுங்கதான் மொதல்ல. சுப்பவைசர் போட்ட ரூட்டு. யாராச்சும் நெசமா செத்தா மட்டும் மாத்தலாம்."

சார்ஜன் அந்தச் சுப்பவைசருக்குக் கட்டளை எதுவும் அனுப்பவில்லை. மாதம் முடியும் வரை காத்திராமல் அடுத்த ஞாயிறே ஒரு விசேடக் கூட்டம் வைத்து, அதற்கு வரும்படி அழைத்தார், அவ்வளவுதான். சுப்பவைசர் பருத்த மனிதர். வரும்போது நகரம் முழுவதன் குப்பைக்கும் தான்தான் பொறுப்பு என்ற நடை இருந்தது. சார்ஜன் அவருக்கு ஒரு பச்சைக் கதிரையைக் காட்டினார். அவர் அதில் இறங்கினார். கைப்பிடிகள் இரண்டு பக்கமும் இறுகிக்கொண்டன. எழ முயன்றபோது கதிரையும் கூடவே எழுந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தன் கதையை நிதானமாக, வேன் வந்தது முதல் வடை தீர்ந்தது வரை, ஒன்றும் விடாமல் சொன்னார். மேல் வீதியில் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், ஒன்பது மணிக்கும் வீட்டில்தான் இருப்பார்கள் என்று தலைவர் விளக்கினார். சுப்பவைசர் இரண்டு முறை கதிரையின் கைப்பிடிகளைப் பார்த்தார். பிறகு ரூட்டை மாற்றுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அதன் பிறகே சார்ஜன் எழுந்து கதிரையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொடுத்தார்.

கொடிகளை அவிழ்த்தோம். கம்பத்தின் உச்சிப் பக்கம் ஒன்று மட்டும் மின்கம்பியில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க யாருக்கும் துணிவில்லை. கடைக்கு ஆட்கள் திரும்பினார்கள், சிலர் அக்காவைத் தொட்டுப் பார்க்காத குறையாக.

பரிசோதகர் வந்த காலையில் நான் உள்ளே இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மதிலடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். ஒரு பை இல்லை. காகம்கூட இல்லை. கம்பியில் ஆடிய கொடியை நிமிர்ந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் தவறிட்டாங்களா?"

"இல்லீங்க ஐயா. கடைதான் சாகக் கெடந்துச்சு. பொழச்சிருச்சு."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பூட்டுப் பேச்சை எடுக்கவில்லை. உள்ளே வந்தார், அடுப்பைப் பார்த்தார், தண்ணீர் பீப்பாயைப் பார்த்தார், கடைசியில் விரலை நீட்டினார்.

"சம்பலுக்கு மூடி எங்க?"

அக்கா என் முன்னாலிருந்த தட்டை எடுத்து, அதில் மிச்சமிருந்த ஓர் இடியப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு, தட்டைக் கழுவிச் சம்பல் மேல் கவிழ்த்தார்.