கழுத்துவரை வந்த கேமரா

தரையில் ஒரு ஜோடிக் கால்கள். கேமரா பின்பக்கமிருந்து மெல்ல மேலே ஏறுகிறது. முந்தானை, பின்னல், கனகாம்பரம், பின்கழுத்து. அடுத்து அந்தப் பெண் திரும்ப வேண்டிய நொடியில் சட்டென்று விலகிப் பனைமர உச்சிக்குப் போய்விடுகிறது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக் கேபிள் டிவியில் மாலைதோறும் ஓடிய பாட்டு அது. அந்தக் கழுத்து என் தங்கையுடையது.

கல்யாணத்துக்கு முன் அவள் மெல்லிசைக் குழுவில் பாடியவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரும்புக்கடை வைத்திருந்த மாப்பிள்ளையைக் கட்டிய பிறகு பாட்டு அடுப்படியோடு நின்றுபோனது. ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர், புதிதாக வந்த சேனல்களில் கேமரா பம்பரமாய்ச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு பாட்டு எடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார். தங்கை சொந்தமாக மெட்டமைத்த மழைப்பாட்டு ஒன்றை ஒரு விசேஷ வீட்டு அடுப்படியில் அவள் பாடக் கேட்டவர் அதைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கும் ஒரே ஆசைதான். தான் பாடுவதை ஒருமுறையாவது ஊர் பார்க்க வேண்டும்.

"பாடட்டும் மச்சான், நான் வேண்டாங்கல. ஆனா மொகம் தெரியப்படாது. ஆணி வாங்க வாரவன்லாம் எம் பொண்டாட்டியப் பத்திப் பேசுவான்" என்றார் மாப்பிள்ளை.

தாலுகா ஆபீஸில் நான் கற்ற முதல் பாடம், எந்தத் தடையையும் எதிர்க்கக் கூடாது, அதற்கு வரையறை கேட்க வேண்டும் என்பது. முகம் என்றால் எது? பக்கவாட்டில் தெரியும் மூக்கு முகத்தில் சேருமா? காது? நிழல்? மாப்பிள்ளை வெகுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். மூக்கு கூடாது, காது கூடும், நிழலுக்கு ஆட்சேபணை இல்லை. "மூக்கில்லாம குளோசப் எப்பிடி சார் வைக்கது?" என்று வீடியோக்காரர் என்னிடம் அழாத குறையாகக் கேட்டார். வைக்காமலிருப்பது விதிகளுக்கு உட்பட்டது என்றேன்.

சோழபுரம் கண்மாய்க் கரையில் படப்பிடிப்பு. மழைப்பாட்டுக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மில்லில் நூல் சுற்றிய கோன்களை ஏற்றித் தள்ளும் டிராலியை இரவல் வாங்கி, பலகைகள் மேல் நிறுத்தி, அதில் கேமராவோடு வீடியோக்காரர் உட்கார, நான் தள்ளினேன். அரசு ஊழியர் டிராலி தள்ளக் கூடாது என்று நடத்தை விதிகளில் எங்கும் இல்லை. கேமராவை மண்ணில் கிடத்தி, அவள் குதிகாலையும் அதற்குமேல் ஆகாயத்தையும் எடுத்தார். புளியமரத்தில் ஏறி, உச்சி வகிட்டை மட்டும் எடுத்தார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் மாப்பிள்ளை குடையை மடக்கிவிட்டுக் கேமராவில் கண் வைப்பார். "மூக்கு தெரியுது. செத்த எறக்குங்க."

வீடியோக்காரர் மெல்லத் தடைக்குள்ளேயே வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார். "இப்பத் திரும்புவாங்கன்னு தோணணும் சார். திரும்பப்படாது. நீங்க மெதுவாத் தள்ளுங்க." நான் தள்ளத் தள்ள அந்தப் பின்கழுத்து எங்களை நோக்கி வந்தது. தங்கையோ வற்றிய கண்மாயைப் பார்த்தபடி முழு மனதோடு பாடிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் முகம் எப்படியிருந்தது என்று எங்கள் மூவருக்குமே தெரியாது.

மூக்குக்குப் பயந்து செய்ததை ஊர் புதுமை என்று கொண்டாடியது. பாட்டை முணுமுணுக்காத ஆள் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் "யாருய்யா அந்தப் பொண்ணு, மொகத்தையே காட்ட மாட்டேங்குது?" என்று மாப்பிள்ளையிடமே கேட்டார்கள். அவரும் கேட்டுக்கொண்டே ஆணி நிறுத்துக் கொடுத்தார். கடைசியில் ஒருவன், "மொகத்துல பெரிய தழும்பாம்ணே, அதான் மறைக்காவளாம்" என்றான்.

மாப்பிள்ளை தராசைக் கீழே போட்டார். "ஏலே, அது எம் பொண்டாட்டிலே! தழும்பாவது ஒண்ணாவது! மகாலட்சுமி கணக்கா இருப்பா!" தேரடிவரை கேட்டதாகச் சொல்வார்கள்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "மச்சான், திரும்ப எடுக்கச் சொல்லுங்க. முழு மொகம். மூக்கோட." தடை விதித்த அதிகாரியே அதை ரத்து செய்வது என் பணிக்காலத்தில் அபூர்வம். சந்தோஷமாகத் தங்கையிடம் போய்ச் சொன்னேன்.

"வேண்டாண்ணே" என்றாள். "மொகத்தப் பாத்திருந்தா சேலையப் பேசியிருப்பாவ, நகையப் பேசியிருப்பாவ. இப்பப் பாட்டைல்லா பேசுதாவ."

மாப்பிள்ளை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. மேல்முறையீட்டுக்கு வழியில்லாத உத்தரவு அது.

சென்ற மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பாட்டின் வீடியோ கேசட்டை யாரோ மாப்பிள்ளையின் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று கோயில் கோபுரத்துக்கு முன்னால் நின்றாலும் போன் கேமராவைத் தன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொள்கிறது ஊர். கோபுரம் காதோரத்தில் எட்டிப்பார்க்கிறது. மாப்பிள்ளை மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கால்களிலிருந்து பின்னலுக்கு, பின்னலிலிருந்து கழுத்துக்குக் கேமராவோடு ஏறிக்கொண்டிருந்தார். கழுத்து வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"இப்பத் திரும்புவா பாருங்க, மச்சான்."

அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "திரும்புனா என்ன செய்வியளாம்?"

கேமரா பனைமரத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார். தரையில் ஒரு ஜோடிக் கால்கள்.