பாஷை தெரியாத படம்

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் செல்லசாமி மிலாறு உடைப்பார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் குசினியின் மூலையில் போட்டு, முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக ஒடித்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரே அளவில் அடுக்குவார். அந்தத் தீபாவளிக்கு மறுநாள் மத்தியானமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அடுக்கு இடுப்புயரம் வந்துவிட்டது. பொங்கல் வரைக்கும் எரிக்கக் காணும். போதும் என்று சொல்ல அவர் மனைவி நாகலெட்சுமி வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். விறகு வேண்டும் என்று அவர் அதைச் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ரோதைகளுக்கு நடுவே இருபது வருசத்துக்கு மேலாக நிற்பவர் செல்லசாமி. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ரோதைகள் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலே கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றது. முதலில் தகரக் கூரையில் விழும் மழைச்சத்தம் குறைந்தது. மழை வலுக்கவில்லையென்று அவர் நினைத்துக்கொண்டார். மகள் நிஷாந்தி பிறந்தபோது, அவள் அழுவது தொட்டில் பக்கம் குனிந்தால்தான் கேட்டது. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாட்களில், முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் மட்டுமே அவருக்கு வார்த்தை பிடிபட்டது. அப்படிப் பேசும் பொறுமை நாகலெட்சுமிக்கு இருந்தது. மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு வேலை இருந்தது.

ஆரம்பத்தில் அவர் கேட்பார், என்ன சொன்னார்கள் என்று. ஒண்ணுமில்ல, விடுங்கப்பா என்பார்கள் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் டீவியில் படம் ஓடும். எல்லோரும் சிரிப்பார்கள், ஒரு மூச்சு பிந்தி அவரும் சிரிப்பார். ஒருநாள் அவர் அப்படிச் சிரிப்பதை நிஷாந்தி திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் டீவி முன்னால் உட்காரவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றார். ஆட்கள் வந்தால் மிலாறு உடைத்தார்.

மகன் மதுரனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை. வருசத்தில் தீபாவளிக்கு மட்டும் வருவான். அந்தத் தடவை நாகலெட்சுமிக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அவன் திரும்பிப் போவதற்குள் நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். பலகாரம் சுடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் இடுப்பு வலியை இன்னும் பெரிதாக்குவார்.

மதுரன் கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் ஒரு டிவிடி வாங்கி வந்திருந்தான். உறையில் சிறகு வைத்த குதிரை, வாளோடு ஒரு வாலிபன், மூலையில் ‘தமிழில்’ என்று ஒரு சீட்டு. கிரேக்க தேசத்துச் சாமிகளின் கதையாம். முன்னால் வந்த படத்தையே கோடி கோடியாகக் கொட்டி மறுபடி எடுத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டு அடுத்த வீட்டுச் சின்னராசாவும் அவர் பெண்சாதி அழகம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சின்னராசா செல்லசாமியோடு ஸ்டோரில் வேலை செய்பவர்.

படம் ஓடத் தொடங்கியது. தமிழ் இல்லை. ரிமோட்டின் எல்லாப் பொத்தான்களையும் மதுரன் அழுத்தினான். இங்கிலீசாக்கும் என்றாள் அழகம்மா. இங்கிலீசும் இல்லை என்றாள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நிஷாந்தி. மதுரன் கொஞ்சம் யோசித்து, இது ரஷ்ய பாஷை என்றான்.

“நீ எப்படா ரஷ்யாவுக்குப் போன?” என்றார் சின்னராசா.

“தமிழ்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு, சித்தப்பா.”

“சீட்டு ஒட்டுனா நானுந்தான் தோட்டத்துத் தொர.”

மதுரன் முகம் சுருங்கி டிவிடியை நிறுத்தப் போனான். நாகலெட்சுமி அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். குசினிக்குப் போய்க் கணவரின் கையிலிருந்த குச்சியை வாங்கிக் கீழே போட்டாள். அவருக்கு நேராக நின்று மெதுவாகச் சொன்னாள்.

“படம் ஒருத்தருக்கும் வெளங்கல. வாங்க.”

“எனக்குத்தான கேக்காது?”

“அவங்களுக்குக் கேக்குது. வெளங்கல.”

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பில் கட்டிய சாரத்தில் ஒட்டியிருந்த சிராய்களைத் தட்டிவிட்டு வந்து, அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை.

டீவியில் ஓர் இளம் தாயையும் அவள் கைக்குழந்தையையும் பெட்டிக்குள் அடைத்துக் கடலில் தள்ளினார்கள்.

“ஏ புள்ள,” என்றார் செல்லசாமி. தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். “இது நாம ஹட்டன்ல பாத்த படமில்ல?”

அதே கதைதான். தொண்ணூறாம் வருசம், கல்யாணமான புதிதில், ஹட்டன் தியேட்டரில் பார்த்த பழைய படம். அது இங்கிலீசு. இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் புதுப் பெண்சாதிக்கு முன்னால் அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், அவர் படம் முழுக்க அவள் காதில் கதை சொல்லிக்கொண்டே வந்தார். தலையில் பாம்பு நெளியும் அரக்கி கதாநாயகனின் மாமியார் என்றார். நாகலெட்சுமி அதை வெகுகாலம் நம்பியிருந்தாள்.

செல்லசாமி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

வானத்து ராசா வந்தார். உடம்பு முழுக்க வெளிச்சம், கண் கூசியது. அழகம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செல்லசாமி இடது மணிக்கட்டை இரண்டு தடவை தட்டிக் காட்டினார். சின்னராசா குபீரென்று சிரித்தார். ரோதைச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் ஸ்டோர் ஆட்கள் கையாலேயே பேசுவார்கள். மணிக்கட்டைத் தட்டினால், டீமேக்கர் வருகிறார், வேலையைப் பார் என்று அர்த்தம். டீமேக்கர்தான் ஸ்டோருக்குப் பெரியவர். எப்போதும் மணி பார்த்துக்கொண்டே வருவார்.

நிஷாந்திக்கு இது புதுசு. அப்பா அந்தப் பேச்சை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வருகிறவர். அவள் நகர்ந்து வந்து அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினார். அடுத்த தடவை வானத்து ராசா வந்தபோது அவளே மணிக்கட்டைத் தட்டினாள்.

பாம்புத் தலைக்காரி தூண்களுக்கு நடுவே ஊர்ந்து வந்தாள். “மாமியா வர்றா,” என்றார் செல்லசாமி. நாகலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, ஏன் என்று தெரியாமலே மற்றவர்களும் சிரித்தார்கள். பழைய மாமியா இன்னும் பயங்கரமாக இருந்தாள், இவள் ரொம்ப அழகு என்று அவர் குறைபட்டுக்கொண்டார். ஆனால் குதிரையில் குறை சொல்ல முடியவில்லை. பழைய படத்தில் அதன் சிறகு தைத்து ஒட்டிய துணி போலத் தொங்கும். இதில் ஒவ்வோர் இறகும் தனித்தனியாகக் காற்றில் நடுங்கியது. அந்த ஒரு றெக்கைக்குச் செலவழித்ததில் நம் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தகரம் மாற்றியிருக்கலாம் என்றார் சின்னராசா.

பிறகு கடல் மிருகம் எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. அதன் தோளிலிருந்து தண்ணீர், மழைக்காலத்து இறம்பொடை அருவி போலக் கொட்டியது. இறம்பொடையில் பிறந்த நாகலெட்சுமிக்கே மூச்சு நின்றது. மிருகம் வாயைத் திறந்ததும் செல்லசாமி உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார்: கொழுந்து போதும், இனிக் கொட்டாதே. சின்னராசா பதிலுக்கு இரண்டு முஷ்டியையும் சேர்த்துக் காட்டினார்: ரோதை இறுகிவிட்டது. அழகம்மா இரண்டு பேரையும் பார்த்து, ஆம்பளைங்க ஸ்டோர்ல இதுதான் செய்றீங்களா என்றாள்.

நாகலெட்சுமி அந்த ரஷ்யக்காரர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். படம் எடுத்தவர்களுக்கும், லயத்துத் தகரத்தை மாற்றாமல் குதிரைக்குச் சிறகு வைத்ததற்காகச் சேர்த்தே சொன்னாள். பொய்ச்சீட்டு ஒட்டிய புறக்கோட்டைக்காரன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

முடிவில் மிருகம் கல்லாய் உறைந்து உடைந்து விழுந்தது. பாறையில் கட்டப்பட்டிருந்த ராசகுமாரியை வாலிபன் அவிழ்த்துவிட்டான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னாள். அவன் குதிரையில் ஏறிப் பறந்தான். எழுத்துகள் ஓடத் தொடங்கின.

செல்லசாமி மகளைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு கடைசியா என்னா சொன்னுச்சு?”

வருசக்கணக்கில் அவர் அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. நிஷாந்தி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவர் மதுரனைப் பார்த்தார். அவன் உதட்டைப் பிதுக்கினான். சின்னராசா தலையைச் சொறிந்தார். அழகம்மா, எல்லாரையும் முந்திக்கொண்டு ஒரு காரணம் சொல்லத் தொடங்கி, பாதியில் தனக்கே சிரிப்பு வந்து நிறுத்திவிட்டாள். கடைசியாக அவர் நாகலெட்சுமியின் உதட்டைப் பார்த்தார். அவளும் தெரியாது என்று தலையாட்டினாள்.

“ஒருத்தருக்குமா தெரியல?” என்று கேட்டு, இந்தத் தடவை எல்லோருக்கும் முன்னால் தானே சிரித்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, செல்லசாமி எழுந்து வெளியே போனார்.