காலை மறைத்து உட்கார்ந்த பறவை

விலங்கியல் படித்தவன் என்று என்னை நம்பியவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி. எழுபதுகளின் கடைசி அது. பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல், திருவண்ணாமலையில் ஒரு மாடி அறையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். படிப்பில் நான் பார்த்தது தவளையும் கரப்பானும்தான். நாங்கள் சமணர்கள் என்பதால் அவற்றையும் பாதி கண்ணை மூடிக்கொண்டே அறுத்தேன். பறவை என்றால் கோபுரத்துப் புறா மட்டும் தெரியும்.

பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்குவது பாதியில் நின்றிருந்தது. கொடிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பறவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. அவர்களும் சமணர்கள், குஞ்சு பொரித்து வெளியேறும்வரை அங்கே ஆள் இறங்கக்கூடாது. ஆனால் மழை வந்தால் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

"தம்பி, நீங்க படிச்சவரு. இது காடையா, குறுங்காடையா? குறுங்காடைன்னா சீக்கிரம் பொரிச்சுடும்னு சொல்றாங்க" என்றார் பெண்ணின் அப்பா.

இரண்டும் ஒரே உருவம், ஒரே மண்ணிறம். காடைக்குப் பின்விரல் உண்டு, குறுங்காடைக்குக் கிடையாது. காலைப் பார்த்தால் விஷயம் முடிந்தது. அதுவோ காலின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எழுப்பிப் பார்ப்பது பாவம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பெண் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காடைதாங்க. தாய்ப் பறவை. இன்னும் ரெண்டு வாரமாவது ஆகும்" என்றேன்.

தூரத்தில் டுர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்ன என்றார்.

"ரோட்டுல எவனோ புல்லட் ஓட்றான்" என்றேன், அதே அதிகாரத்தோடு.

சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. டியூஷனை விட்டுவிட்டு தினமும் பஸ் ஏறிப் போய் வரப்பில் குந்தினேன். காக்கை வந்தால் விரட்டினேன். அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போகிற வழியில் என்னையும் பறவையையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுப் போவாள்.

வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் கூடு காலி. பக்கத்துப் புழுதியில் காலடித் தடம் இருந்தது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்றுமில்லை. என் வாக்கை நம்பி அவர் கூலியாட்களை வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடலையில் பாதி முளைத்துப்போனது. இனி இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நூலகத்தில் ஒரு பறவைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். போனவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அங்கேயும் பாடம் நடத்தினேன்.

"குறுங்காடைல அடைகாக்கறது ஆணுங்க. பெட்டை முட்டை வச்சுட்டுப் போயிடும். அன்னிக்கு டுர்ருனு கேட்டதே, அது பைக் இல்லீங்க. பெட்டை கூப்பிட்ட சத்தம்."

அவர் முளைவிட்ட கடலையைக் கையில் உருட்டியபடி, "ஆணா பொண்ணானு தெரியல, பைக்கா பறவையானு தெரியல. உத்தியோகமும் இல்ல" என்றார். நியாயமான தீர்ப்புதான். நான் செருப்பைத் தேடினேன்.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "உத்தியோகம் எனக்கு இருக்குதுப்பா. வூட்ல நகராம உக்கார ஒருத்தர் வேணும். இவரு உக்காந்தாரே."

எண்பதுகளில் மகள் பிறந்தாள். மனைவி பள்ளிக்குப் போனாள், நான் குழந்தையோடு வீட்டில் இருந்தேன். தெருவே சிரித்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தையை மடியில் வைத்திருப்பதைவிடப் பெரிய சுகம் எதுவும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மாமனார் வந்திருந்தார். சாயங்காலம் தெருமுனையிலேயே மனைவியின் குரல் கேட்டது: "பாப்பா சாப்ட்டாளா?"

மாமனார் வாசல் பக்கம் காதைக் கொடுத்தார். "மாப்ள, ரோட்டுல எவனோ புல்லட் ஓட்றான் போல" என்றார்.

நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், "ஆமாங்க" என்றேன்.