அப்பா இறங்கும் இடம்

வலங்கைமான் போகும் சாலையில், பெரிய வீடு வருவதற்குச் சற்று முன்பே அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். முன்கம்பியில் உட்கார்ந்திருக்கும் என்னோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், மதகைத் தாண்டியதும்தான் ஏறி மிதிப்பார். வேப்பமர நிழல் அங்கே தண்ணீரைப் போல அசையும். சைக்கிளுக்கு அந்த இடத்தில் களைப்பு வந்துவிடுகிறது என்று நினைத்து, அரைத்தூக்கத்தில் அதன் மணியைத் தடவிக்கொடுப்பேன்.

அந்த வீட்டில் பண்ணையாளாக இருந்தவர் அப்பாவைப் பெற்றவர். அப்பாவுக்குச் சொந்த வயல் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவை யாரும் இறங்கச் சொல்லவில்லை. கால் தானாக இறங்கியது.

பிறகு அம்மா ஸ்கூட்டர் வாங்கினாள். மார்கழியில் ஒரு ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பினோம். நான் முன்னால் நின்றேன், அப்பா பின்னால். பனியில் வயலும் சாலையும் ஒன்றாகிக் கிடந்தன. அதற்குள்ளிருந்து பெரிய வீடு மெல்ல எழுந்து வந்தது.

"கொஞ்சம் நிறுத்து" என்றார் அப்பா.

"எதுக்குங்க? பூசைக்கு நேரமாச்சு."

எதற்கென்று அம்மாவுக்குத் தெரியும். வண்டி நிற்கவில்லை. ஆனாலும் அப்பா இறங்கிவிட்டார்.

திரும்பிப் பார்த்தபோது வெள்ளை வேட்டியோடு சாலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு வாய்க்காலில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

அந்த வீட்டுக்காரர் ஓடிவந்து அப்பாவைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்துப் போனார். நாற்காலி போட்டார்.

"உக்காருங்கண்ணே. காலு வீங்குது பாருங்க."

அவர் 'அண்ணே' என்றது எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது.

"இருக்கட்டுங்க, நிக்கிறேன்" என்று அப்பா தூணைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே குனிந்து கணுக்காலில் கைக்குட்டையைச் சுற்றினாள்.

நாற்காலி சும்மா கிடந்தது. நான் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினேன். அப்பா என்னையே பார்த்தார். அதற்கு முன் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபம் போலிருக்கிறது என்று மெல்ல இறங்கினேன்.

"ஏம்மா எறங்குற?" குரல் அவருடையது போலவே இல்லை. "உக்காரு. நல்லா சாஞ்சு உக்காரு."

சாய்ந்து உட்கார்ந்தேன். பனி விலக விலக, கதிர் வாங்கிய பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிந்தது. அப்பா நின்றுகொண்டே இருந்தார். கால் வலியில்தான் அவருக்குக் கண் கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.