போதும் என்றதும் எடுத்த பீங்கான்

சோறு போடுகிற தொழிலில் கடைசிவரை பசியோடு நிற்பது பரிமாறுகிறவன்தான் என்பதை, என்னைப் போல முகத்தில் சிரிப்பும் காலில் வலியுமாகப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் வேலை செய்வது பசறையிலிருந்து நமுனுகுல போகிற பாதையில், ஒரு பழைய தேயிலைத் தோட்டத்து பங்களாவில். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கிற எங்கள் முதலாளி அதை வாங்கி, வெள்ளையடித்து, விறாந்தையில் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, ரெஸ்டூரண்ட் ஆக்கிவிட்டார். பார்க்க அழகான இடம்தான். வருகிறவர்கள் முதலில் போட்டோ எடுப்பார்கள், பிறகு சாப்பிடுவார்கள், அதற்குப் பிறகு போட்டோ எடுக்க மாட்டார்கள்.

கிண்ணத்தில் அடைத்த சோறு

எங்கள் குசினியில் சோற்றை அள்ளிப் போடுவதில்லை. சின்னக் கிண்ணத்தில் அடைத்து, பீங்கான் தட்டுக்கு நடுவில் கவிழ்த்து, உச்சியில் ஒரு கறிவேப்பிலையைக் குத்துவோம். சுற்றிலும் பருப்பு, கத்தரிக்காய், சம்பல், ஒரு துண்டுக் கோழி, எல்லாம் பொட்டு வைத்த அளவுக்கு. கொழும்பில் இப்படித்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலையில் சமைத்த கறியை ஆள் வந்ததும் மேலோட்டமாகச் சுட வைப்பார்கள். கோழித் துண்டுக்குள்ளே குளிர் அப்படியே இருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்தபடி கொண்டுபோய் வைப்பேன்.

ஒரு நாள், பென்ஷன் வாங்கிய பஸ் கண்டக்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். கல்யாண நாளாம், போய் நல்லா சாப்பிட்டு வாங்க என்று மகள் அனுப்பி வைத்தாளாம். நான் வைத்த பீங்கானைப் பார்த்தார், மனைவியின் பீங்கானையும் எட்டிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட பரவாயில்லை. மனுஷன் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்: “தம்பி, இது சாமிக்குப் படைச்சதா, இல்ல எங்களுக்கா?”

மறுசோறு

இதற்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் குடியிருக்கிற தோட்டத்து லயத்துப் பக்கம் விருந்தாளி “போதும்” என்றால் அது மரியாதைக்குச் சொல்வது. அதைக் காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி போட வேண்டும். மறுபடியும் போதும் என்று கையால் மறைப்பார்கள், விரல் இடுக்கில் அரைக் கரண்டியாவது போட வேண்டும். அதற்கும் பிறகு சொல்வதுதான் உண்மையான போதும். முதல் போதுமுக்கே கரண்டியை இறக்கி வைக்கிற வீட்டைப் பற்றி மலை முழுக்கப் பேசிவிடுவார்கள்.

நான் அந்தப் பழக்கத்தோடு, கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மாவின் பீங்கானில் சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் போதும் போதும் என்றார். நானும் “அட, சாப்பிடுங்கம்மா” என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டியை மேசையில் வைத்துவிட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குக் காது சுட்டது. அன்றைக்கே முதலாளி சட்டம் போட்டார்: மறுசோறு கேட்டால் மட்டும்தான், போதும் என்று சொன்ன நிமிஷமே பீங்கானை எடுத்துவிட வேண்டும். பழகிப் பழகி, இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தாலே என் கை தானாகப் போகிறது. அதற்குக் காரணம் அந்த அம்மா அன்று கேட்ட கேள்விதான்: “வேணாம்னா வேணாம்தானே, உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?”

தங்கச்சியைப் பார்த்த வீட்டார்

என் தங்கச்சி புஷ்பாவுக்கு முதலில் வந்த சம்பந்தம் எதுவும் கூடிவரவில்லை. கடைசியாக லுணுகலைப் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளை, எலக்ட்ரிக் வேலை செய்கிற பையன், அவளைப் பிடித்திருக்கிறது என்றான். அவளுக்கும் பிடித்திருந்தது, பேரைச் சொன்னாலே முகம் சிவந்துவிடும். நாள் குறிக்கிறதுதான் பாக்கி. அதைப் பேச மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் மகனோடு சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அந்த வீட்டில் அம்மா சொல்தான் முடிவு.

அந்த வாரம் பார்த்து காற்று எங்கள் லயத்துக் கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒழுகுகிற அந்தக் காம்பரா வீட்டில் சம்பந்தியை உட்கார வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். “எங்க ரெஸ்டூரண்டுக்கே வாங்களேன்” என்றேன். ஒழுகினாலும் உலை வைக்கலாமே என்று என் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை.

அன்றைக்கென்று என்னோடு வேலை செய்கிறவன் லீவு. சம்பந்தி வீட்டாரோடு உட்கார வேண்டிய நான் யூனிபோம் போட்டுக்கொண்டு அவர்களுக்கே பரிமாறினேன். புஷ்பாவை வீட்டில் விட்டுவிட்டு வந்த என் அம்மா அவர்களோடு மேசையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கிண்ணச் சோறு நாலு வாயில் முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா கோழித் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா, சோறு முடிந்த பீங்கானுக்கு மேலே கையைக் காட்டி, “போதும் தம்பி” என்றார். முறைக்குச் சொன்னதுதான், பின்னால் சோறு வரும் என்று எதிர்பார்த்துச் சொன்னது. என் பாழாய்ப்போன கை பீங்கானை எடுத்துவிட்டது.

எடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் பீங்கானை மறுபடி வைக்கப் போனேன், அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்வது. நாள் குறிக்கிற பேச்சை யாரும் எடுக்கவேயில்லை. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். பெண்ணைப் பெற்ற வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எழும்போது, இன்னும் பீங்கானும் கையுமாக நின்ற என்னிடம் மாப்பிள்ளையின் அம்மா சொன்னது இதுதான்: “பரவால்ல தம்பி, கொண்டு போங்க. அதான் எடுத்துட்டீங்களே.”

மறந்துபோன குடை

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு பார்த்தால், மாப்பிள்ளையின் அம்மாவுடைய குடை கதிரையில் தொங்கிக்கொண்டிருந்தது. லுணுகலை பஸ்ஸுக்குப் பசறையில்தான் மாற வேண்டும் என்று த்ரீவீலைப் பிடித்து அங்கே போனேன். பஸ் ஸ்டாண்டில் ஆட்களைக் காணோம். எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவி பறக்கிற சோறு, கடைக்காரர் பருப்பை ஊற்றிக்கொண்டே நிற்கிறார். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. குடையை வாசலில் சாத்திவிட்டு ஓடிவிடப் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கண்டதும் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் பீங்கானிலேயே போட்டுவிட்டார். பாவம், அவருக்கும் வெட்கம். அந்த அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நீங்களும் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, உட்காருங்க என்று பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். உட்கார்ந்ததும் நேராகவே கேட்டார், உங்கள் வீட்டு வழக்கமே இப்படித்தானா, என் மகன் மாமியார் வீட்டுக்கு வந்து போதும் என்றால் பட்டினிதானா என்று. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: கொழும்பு அம்மா, முதலாளியின் சட்டம், தானாகப் போகிற கை, தகரம் இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வாங்க, ஒழுகத்தான் செய்யும், ஆனால் அம்மா சமைப்பாள் என்றேன். மாப்பிள்ளை சிரித்தான். அந்த அம்மா என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்.

அதற்குள் கடைக்காரர் எனக்குச் சோறு போட்டுவிட்டு, மறுசோற்றோடும் வந்தார். இருந்த வெட்கத்தில் பீங்கானைக் கையால் மறைத்தேன். “போதுங்க” என்றேன். அவரும் சரியென்று கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார். அந்த அம்மா அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்: “அவரு அப்படித்தான் சொல்லுவாரு, நீங்க போடுங்க. எங்க சம்பந்தி வீட்டுப் புள்ள.”

இப்போதும் ரெஸ்டூரண்டில் யாராவது போதும் என்றால் என் கை பீங்கானைத் தேடித்தான் போகிறது, ஆனால் பாதி வழியில் ஒரு தடவை வெட்கப்பட்டு நின்றுவிட்டுத்தான் போகிறது.