நாற்றமில்லை என்று ஒரு கடிதம்

என் மனைவி அமலோற்பவத்துக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. லாயாங் லாயாங் என்கிற எங்கள் ஊர்க் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. மற்ற நேரத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்புவாள். பதினாறு வருடமாக இதே கதை. மாதா கோயில் திருநாள், மாரியம்மன் கோயில் தீமிதி, உடைந்த லோங்காங் சாக்கடை என்று எதையும் விட்டதில்லை. "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்று கேட்டால் முறைப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நான் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் ஆலையைப் பற்றி எழுதினாள். உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பாலின் நாற்றத்தில் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள், ஆற்றுத் தண்ணீர் கறுத்துவிட்டது என்று படத்தோடு. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. வந்ததோ வக்கீல் கடிதம். ஆலையிலிருந்து நாற்றம் வந்ததே இல்லை, எழுதியது பொய் என்று அவர்களே எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தில் பதினான்கு நாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் இருபது லட்சம் வெள்ளி நஷ்டஈடு கேட்டு வழக்கு. எங்களிடம் இருப்பது இந்த ஒரு வீடுதான்.

சனிக்கிழமை ஸ்கூடாயில் ஒரு கூட்டத்துக்குப் போனோம். பொதுநலச் செய்தி எழுதுகிறவர்களை வழக்குப் போட்டு வாயடைப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று நிக்கோல் என்கிற இளம் வக்கீல் பேசினார். அது வந்தால், மிரட்டுவதற்காகவே போட்ட வழக்கை நீதிபதி ஆரம்பத்திலேயே தூக்கி எறியலாமாம். நான் கைதட்டிய தட்டில் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அமலோற்பவம் எழுந்தாள். "என் கேஸுக்கு இது உதவுமா, மிஸ்?"

"இன்னும் பேச்சுலதான் இருக்கு, ஆன்ட்டி. இத நம்பி நீங்க இருக்க முடியாது. ஆனா சாட்சி சொல்ல ஆளு இருந்தா நான் பதில் எழுதித் தரேன். ஃபீஸ் வேணாம்."

வருகிற வழியெல்லாம் நான் முணுமுணுத்தேன். "சைன் பண்ணிடு லா. சாட்சி சொல்ல எவன் வருவான்? நம்ம தாமான்ல பாதிப் பேரு அங்கதான வேலை செய்யிறாங்க."

அவள் கறிபாப் தின்றுகொண்டு வந்தாள். பயம் இல்லாமல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "சரி, போடுறேன். மொதல்ல நீங்க தமிழ்ல மாத்தி சத்தமா வாசிங்க."

அப்பாடா, வழிக்கு வந்துவிட்டாள் என்று கண்ணாடியை மாட்டினேன். 'ஆலையிலிருந்து எந்த நாற்றமும் வந்ததில்லை' என்கிற வரிக்கு வந்தபோது சாயங்காலக் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அலமாக்! குடலைப் பிடுங்குகிற நாற்றம். கடிதத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னலை அடைத்தேன்.

திரும்பினால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "வாசிங்க, வாசிங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடிதம் வந்த நாளிலிருந்து நாங்கள் இப்படிச் சிரித்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது. நிக்கோலுக்கு நானே போன் போட்டேன்.

"எழுதிக்குங்க மிஸ். மொதல் சாட்சி பேரு ரோலண்ட். அமலோற்பவத்தோட வீட்டுக்காரன்."